லண்டன் கைப்பையில் ஒரு பொட்டு

பிரியமும் கொஞ்சம் எரிச்சலுமாக, நைனாவுக்கு,

நீ போய் இரண்டாவது மழைக்காலம் வந்துவிட்டது. உனக்கு விலாசம் இல்லை. அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். கூச்சப்படாதே.

ராயபுரத்துக் கடை அப்படியேதான் இருக்கிறது. துறைமுகத்துத் துரைமார் வீடுகளிலிருந்து இன்னமும் பையும் பெட்டியும் வருகின்றன. தோல் பதனிடும் படிப்பை முறையாகப் படித்துத் தேறிய நான், நீ உட்கார்ந்த பலகையிலேயே உட்கார்ந்து அறுந்த கைப்பிடிகளைத் தைக்கிறேன். கான்பூரில் ஒரு தோல் ஆலையின் சோதனைச் சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். இரும்புப் பெட்டியில் துணி அடுக்கியாகிவிட்டது. அம்மா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. போகாதே என்றாலாவது சண்டை போட்டிருப்பேன்.

இதற்கு நடுவில் ஆயுத பூசை வந்தது. போன வருஷம் துக்கம், பூசை இல்லை. இந்த வருஷம் அம்மா இரண்டுக்கும் சேர்த்துச் செய்தாள். குத்தூசி, கத்தி, சுத்தி, பசைச்சட்டி, உன் பலகை, எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். தன் நெற்றியில் வைக்க முடியாததையெல்லாம் சாமான்கள்மேல் வைத்துத் தீர்த்தாள். என் இரும்புப் பெட்டியை மட்டும் தாண்டிப் போனாள்.

"அதுக்கு இல்லியா?" என்றேன்.

"அது போற சாமான். இங்க கீறதுக்குத்தான் பொட்டு."

கோபத்தில் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், தையலுக்கு வந்திருந்த ஒரு துரைசானியின் லண்டன் கைப்பை மேசைமேல் இருக்கிறது. அதன் முகத்துக்கு நடுவில் பொட்டு.

நைனா, அது மரப்பட்டையில் பதனிட்டதோடு விட்ட தோல். சாயம் இல்லை, மெருகு இல்லை, மேலே ஒரு பூச்சும் இல்லை. குழந்தையின் உள்ளங்கை நிறம். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே வட்டம் கட்டிவிடும். அதில் போய் ஈரச் சந்தனம். அதற்குமேல் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமம்.

"எம்மா, இன்னா காரியம் பண்ணி வெச்சிக்கீறே!"

"ஏண்டா கத்துறே? அதுவுந்தான் நமக்குச் சோறு போடுது. சுத்திக்கு வெச்சிட்டு அத்த மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்?"

"ஊறிப்பூடும்மா!"

"இன்னாத்த ஊறும்? தொடச்சாப் போவுது." ஈரத் துணியோடு வந்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். துடைத்திருந்தால் பொட்டு பை முழுக்கப் பரவியிருக்கும்.

மறுநாள் துரைசானியின் கார் டிரைவர் கபாலி வந்தான். பையைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு.

"இன்னா வாத்யாரே, பைக்குக் கண்ணாலமா? மாப்ளை யாரு, இந்த இரும்புப் பொட்டியா?" பிறகு குரலை இறக்கினான். "தபாரு, அந்தம்மா மாசக் கட்சில சீமைக்குக் கப்பல் ஏறுது. அதுக்குள்ள பை ஒயுங்கா வரலேன்னா போலீஸ இட்டாந்து கடைய மூட வெச்சிடும்."

எனக்கும் அதே மாதக் கடைசி. பையை அப்படியே விட்டு ரயில் ஏறினால், துரைசானி முன்னால் கைகட்டி நிற்க வேண்டியவள் அம்மா. ஏறுவேனா, சொல்?

வழி எனக்குத் தெரியும். பொடியைக் காய்ந்த தூரிகையால் தட்டினேன். காடியில் நிறையத் தண்ணீர் கலந்து தொட்டு வைத்தேன். காடியின் புளிப்பில் சுண்ணாம்பு செத்துச் சிவப்பு மஞ்சளாயிற்று. சந்தன ஈரம் கட்டிய வட்டம் மறைய, பையின் முகம் முழுவதையும் ஒரே சீராக ஈரத் துணியால் ஒற்றி நிழலில் உலர்த்தினேன். மிச்சம் மஞ்சள் கறை. மஞ்சளுக்கு வெயில் ஆகாது, வெளுத்துவிடும். அதே வெயில் இந்தத் தோலைப் பழுப்பாக்கும். இரண்டும் நடுவழியில் சந்தித்தால் தப்பித்தேன். வேண்டியது வெயில் மட்டும்.

மழை பிடித்துக்கொண்டது.

விடவே இல்லை, நைனா. காசிமேட்டுப் பக்கம் கடல் தெருவரை வந்து போனது. பையை மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், திறந்து வைத்தால் உப்புக் காற்று. அடுப்பருகே வைத்தால் தோல் விறைத்துப்போகும். அதுவும் நானும் ஒரே அறையில் கிடந்தோம். நடுவில் இரும்புப் பெட்டி. கூரையைப் பார்த்துத் திட்டுவேன், பையைப் பார்த்துத் திட்டுவேன். அம்மாவைத் திட்ட வாய் வராது. அவள் சோறு வைத்துவிட்டுப் போவாள். இப்படித்தான் நீயும் இங்கே மாட்டிக்கொண்டாயா? எனக்குச் சொல்லவே இல்லையே.

ஒருவழியாக வெயில் அடித்தது. மொட்டைமாடியில் பையைத் திருப்பித் திருப்பி வைத்தேன். ஒரு பக்கம் காய்ந்தால் ஒரு பக்கம்தானே பழுக்கும்? அம்மா கொம்பை வைத்துக்கொண்டு காக்காய் விரட்டினாள். பொட்டு வெளிறியது, தோல் பழுத்தது. பிறகு பொட்டு எங்கே இருந்தது என்று நானே தேட வேண்டியிருந்தது. மாட்டுக் குளம்பு எண்ணெயைத் துணியில் துளியூண்டு தொட்டுத் தடவினேன். இளந்தேன் நிறம்.

துரைசானி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். பல வருஷம் கையோடு இருந்த பைபோல ஆகிவிட்டதே என்றாள். திட்டா, பாராட்டா, கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் உள்ளே வந்தேன். இரும்புப் பெட்டியின் மூடியில், நட்டநடுவில், சந்தனம், குங்குமம்.

"இன்னாம்மா இது?"

"இரும்புதானடா. ஊறாது. பயந்துக்காதே."

இங்கே இருப்பதற்குத்தான் பொட்டு என்றவள் அவள்தானே? அப்படியானால் இது போ என்பதா, இரு என்பதா? கேட்டால் அடுப்பை ஊதுகிறாள். நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாயா? நீயும் அடுப்பைத்தான் பார்த்திருப்பாய்.

நாளைக்கு ரயில். பொட்டோடுதான் பெட்டியைத் தூக்குகிறேன். அடுத்த ஆயுத பூசைக்கு வந்துவிடுவேன், இது உனக்குக் கொடுக்கிற வாக்கு. வந்ததும் மேசைமேல் இருக்கிற தோலையெல்லாம் பரணில் ஏற்றிவிடுவேன். அப்புறம் அவள் இஷ்டத்துக்கு எல்லாவற்றுக்கும் வைக்கட்டும். எனக்கும்.

பெட்டி கட்டி முடித்த,
உன் ஒரே பிள்ளை.