மாட்டெலும்பு வேண்டாம் என்ற பிறகு

சன்னிதி முருகன் காவல்

பிள்ளையின் அப்பாவுக்கு,

மோட்டார் சைக்கிளால் விழுந்து உடைந்த உங்கள் தாடையில் மாட்டெலும்புத் தூள் வைக்கலாம் என்று பல் டொக்டர் சொன்னபோது, நான் கத்தியது உங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்திருக்கும். அதற்காகக் கோபித்துக்கொண்டு கரவெட்டிக்கு, அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறவேண்டுமா? தேவாரம் பாடுகிற வாய்க்குள் மாட்டெலும்பை வைக்க நான் விடுவேனா?

நேற்று நானே போய் டொக்டரைக் கண்டேன். வேறு வழி இருக்கிறதாம். உங்கள் கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்கி, அதற்குள் இருக்கும் உயிரணுக்களைப் பிளாஸ்டிக் வலையொன்றில் வளர்த்தால் எலும்பாகுமாம். வழுவழுப்பான வலையில் அவை ஒட்டாதாம். அம்மி பொளிவதுபோல அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்களாம். தாடையில் வைத்த பிறகு வலை கரைந்துபோய் எலும்பு மட்டும் நிற்குமாம்.

"அதுகளுக்குச் சாப்பாடு என்ன, தம்பி?" என்று கேட்டேன்.

"வழமையா கன்றுக்குட்டியின்ரை இரத்தத்திலை எடுக்கிற நீர், அன்ரி."

"முருகா! மாட்டைக் கலைச்சா கன்று வருதே!"

அவர் சிரித்துவிட்டார். "அப்ப அங்கிளின்ரை இரத்தத்திலையே எடுப்பம்."

ஊசியைக் கண்டால் நீங்கள் மயங்கி விழுவதை நான் சொல்லவில்லை. "இவருக்கு உடம்பிலை இரத்தம் குறைவு. என்ரையை எடுங்கோ" என்று கையை நீட்டினேன். சோதித்துப் பார்த்தார்கள், சரிவருமாம்.

புதன்கிழமை பல் பிடுங்க வராவிட்டால் உங்கள் இடம் வேறொருவருக்குப் போய்விடும். வந்த பிறகும் என்னோடு கோபிக்கலாம். ஆனால் இனி உங்கள் தாடை என் இரத்தத்தைக் குடித்து வளரப்போகிறது. சண்டையில் அது யார் பக்கம் நிற்கும் என்பதை யோசித்துக்கொண்டு வாருங்கள்.

பிள்ளையின் அம்மா