எனக்குப் போய் சைக்கிளாம்!

அன்புள்ள எனோரா,

நீயும் உன் முதுகுவலியும் நலமா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், பதறாமல் படி.

நேற்று இந்தத் தெற்குச் சீமையில், ராஜா காலத்து மிடி கால்வாயில், எங்கள் சுற்றுலாப் படகைக் கீழே இறக்கும் மதகுத் தொட்டிக்குள் நின்றோம். நம் பிரெத்தான் துறைமுகத்தில் கட்டுவதுபோல் கயிற்றைக் கரைத்தூணில் இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டேன். தண்ணீர் வடிந்தது, படகோ ஒரு பக்கமாய்த் தொங்கியது! மதகுக்காரி லியோனி ஓடிவந்து மதகை மூடிக் கயிற்றை வெட்டினாள்.

“ஏன் பெருசு, படகைத் துணியாட்டம் காயப்போடுறியா?”

“தாயே, கடல்ல இந்த முடிச்சு ஒருநாளும் அவுந்ததில்ல!”

“அதான் வினையே! இங்க கயித்தைக் கையில பிடிச்சு, தண்ணி இறங்க இறங்க விட்டுக் கொடுக்கணும்.”

நேற்றுதான் மீசை முளைத்த எங்கள் படகுத் தலைவன் என்னிடமிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டான். கரையோரம் சைக்கிளில் சுற்றும் பயணிகளுக்கு இனி நான்தான் துணையாம். அலையில் வளர்ந்தவனை வாய்க்காலில்கூட இறக்கமாட்டானாம்! இது அடுக்குமா? வயிறு எரிகிறது.

உப்பு வெண்ணெய் பிஸ்கட் கொஞ்சம் அனுப்பு. இங்கே எதைத் தொட்டாலும் எண்ணெய். உன் பழைய கம்பளிச் சால்வையும் வை, துவைக்காமல்.

துறைமுகத்தில் யார் கேட்டாலும், “படகுலதான் இருக்காரு” என்று சொல். பொய்யில்லை, தூங்குவது அதில்தான்.

மணியடித்துக் கூப்பிடுகிறார்கள், மிதிக்கப் போகிறேன்.

உன் மாலோ