பனிமூட்டத்தில் ஒரு 'நான்தான்'

அன்புள்ள வருணுக்கு, ஷார்ஜாவிலிருந்து அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், ஹூஸ்டனில் நீயும் ஸ்வாதியும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய், போனில் சொன்னால் 'அம்மா ப்ளீஸ்' என்பாய், அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

ஒரு வாரமாக இங்கே எங்கள் ரோலா ஏரியாவில் பனிமூட்டம். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடம் இல்லை, தெரு இல்லை, துபாய் பஸ்ஸின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வருகிறது. வீடே மேகத்துக்குள் போய்விட்ட மாதிரி இருக்கிறது, காபி ஆறுவதுகூடத் தெரியாமல் நின்றுவிடுகிறேன். அந்தப் பனியில்தான் செவ்வாய்க்கிழமை அப்பா வாக்கிங் முடித்து, நம் கட்டடம் என்று நினைத்து, அதே மாதிரி இருக்கும் பக்கத்துக் கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டார். மூன்றாம் மாடி, இடதுபக்கக் கதவு. சாவி போகவில்லை, பூட்டு மக்கர் செய்கிறது என்று திருகித் திருகிப் பார்த்து, தோளாலும் இடித்திருக்கிறார். உள்ளேயிருந்து யாரு என்று ஒரு பெண் குரல். உன் அப்பா எந்தக் காலத்தில் பெயரைச் சொன்னார், வழக்கம்போல 'நான்தான்' என்றாராம். உள்ளே இருந்தது காயல்பட்டினத்து அஸ்மத் பீவி, தன் அண்ணன் வந்துவிட்டார் என்று கதவைத் திறந்துவிட்டார். இருவரும் திருதிருவென்று விழித்து, சிரித்து, அந்தம்மா இஞ்சி டீ கொடுத்து, கீழே வரை வந்து வழிகாட்டி அனுப்பியிருக்கிறார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் பாத்திரம் தேய்க்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது.

நீ அனுப்பிய போட்டோவில் உங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே பழுப்புக் கதவு. பின்தெருவில் திருடன் வந்தான் என்று துப்பாக்கி வாங்கித் தலைமாட்டு டிராயரில் வைத்திருக்கிறாய். உள்ளே புகுந்தால் சுடலாம், சட்டம் நம் பக்கம் என்றாய். உன் பயம் பொய் என்று சொல்லமாட்டேன், ஸ்வாதி தனியாக இருக்கும் வீடு. ஆனால் வக்கீல் ஆபீஸில் வேலை செய்யும் சேதுமாதவனிடம் கேட்டேன். ஊருக்கு ஊர் சட்டம் வேறு, ஆனாலும் நீங்கள் பயந்தது நியாயம்தானா என்று பின்னால் வேறு யாரோ உட்கார்ந்து தீர்மானிப்பார்கள், அதுவரை கேஸும் அலைச்சலும்தான் என்றார். சட்டம் உன்னை விட்டுவிடும் என்றே வைத்துக்கொள், லைட்டைப் போட்டு விழுந்து கிடப்பது யாரென்று பார்க்கும் நிமிஷம் உன்னை விடுமா?

அடுத்த மாதம் பத்தாம் தேதி அப்பா அங்கே வருகிறார். எனக்கு ஸ்கூல் லீவு ஏப்ரலில்தான், கூட வர முடியாது. அங்கேயும் விடிவதற்குள் வாக்கிங் கிளம்பத்தான் போகிறார். நேற்று மத்தியானம் கண்ணயர்ந்தபோது உங்கள் தெரு முழுக்க இந்தப் பனி. அப்பா ஒவ்வொரு கதவாகத் தட்டி 'நான்தான்' என்கிறார், உள்ளே யாருக்கும் தமிழ் தெரியவில்லை. கடைசிக் கதவு உன்னுடையது. தட்டுவதற்குள் விழித்துவிட்டேன், அப்புறம் தூக்கமே வரவில்லை.

விற்றுவிடு என்றால் கேட்கமாட்டாய். அவர் இருக்கும் நாட்களிலாவது குண்டை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைப் பூட்டி வை, சாவி ஸ்வாதியிடம் இருக்கட்டும். உன் விலாசத்தை எழுதி அவர் சட்டைப்பையில் வைத்து அனுப்புகிறேன். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் முகத்தைக் காட்டு. கதவில் சத்தம் கேட்டால் யாரு என்று தமிழில் கேள். அவருக்கு இப்போது காது மந்தம், பதில் வர நேரமாகும், பொறுத்துக்கொள்.

இரண்டு பேரும் தீர்க்காயுசாக, நிம்மதியாகத் தூங்கி எழுந்து நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
நான்தான், அம்மா.