மஞ்சள் குடை பிடித்த ஆட்டைப் பற்றிய புகார்

அனுப்புநர்:
இஸ்திரிக் கடைக்காரர்,
(தங்கள் மையத்தில் பயிற்சி பெற்ற முன்னாள் படைவீரரின் மைத்துனர்)
மையத்தின் பின்வாசல் தெரு,
பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
முன்னாள் படைவீரர் மறுவாழ்வு மையம்.

பொருள்: என் தங்கையின் கணவர் தேறிவிட்டார் என்று வழங்கிய சான்றை ரத்து செய்து, வேறு கேள்விகளால் மறுபடி சோதித்து, அவரை நினைவுப் பயிற்சி வகுப்பில் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

யார் மேல் புகார் என்பதை முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்று தபால் நிலைய வாசலில் மனு எழுதித் தருபவர் சொன்னார். என் மேல்தான் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆகவே இதை நானே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத கை. தாங்கள் பொறுத்துப் படிக்க வேண்டும்.

1. என் தங்கை கணவர் ராணுவத்தில் வண்டி ஓட்டியவர். ஒருநாள் இவர் வண்டிக்கு முன்னால் போன வண்டி வெடியில் சிக்கியது. இவருக்குத் தலை மட்டும் ஸ்டியரிங்கில் மோதியது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. அப்படியே இறங்கி ஓடி மற்றவர்களைத் தூக்கியிருக்கிறார். தலைக்குள் படம் எடுத்துப் பார்த்ததிலும் ஒன்றும் தெரியவில்லை. முழுசாக வந்து சேர்ந்தார் என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். வெளிச்சம் பட்டால் தலையைப் பிடித்துக்கொள்வார். என் கடைக்குத் துணி மடிக்க வந்தவர், பாதிச் சட்டையில் அடுத்த மடிப்பு எது என்று தெரியாமல் நின்றுவிடுவார். பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரை இழுத்து மூடினால் போதும், இஸ்திரி மேஜைக்கு அடியில் போய்விடுவார்.

2. ஐயா, என் வாய் சும்மா இருக்காது என்பது தெருவுக்கே தெரியும். அவர் மேஜைக்கு அடியில் இருக்கும்போது, துணி வாங்க வந்தவர்கள் முன்னால், "என்ன மாப்ள, பட்டன் தொலைஞ்சிடுச்சா?" என்று குனிந்து கேட்டவன் நான். அவருக்கு ட்யூப்லைட் என்று பேர் வைத்ததும் நான்தான். இன்று தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. சிரிக்கவைத்தால் பயம் ஓடிவிடும் என்று மெய்யாகவே நம்பினேன். சிரித்தவர்கள் கூட்டத்தில் அவர் இருக்கிறாரா என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

3. தங்கள் மையத்தின் நினைவுப் பயிற்சி வகுப்பில் அவரைச் சேர்த்தது என் தங்கை. செவ்வாய்க்கிழமைதோறும் நான்தான் கூட்டிக்கொண்டு வருவேன். அங்கே பயிற்சி தரும் அம்மா மருந்து மாத்திரை எதுவும் தரவில்லை. ஒரு நேரத்தில் ஒரே வேலை, கைபேசியில் அலாரம், கடைக்குப் போகுமுன் வாங்க வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை வாங்கிப் பார்ப்பது என்று சின்னச் சின்னதாகப் பழக்கினார். திடுக்கென்று சத்தம் கேட்டால் உள்ளங்கையை மேஜையில் அழுத்தி, கண்ணில் படுவதை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லவும் பழக்கினார். வீட்டார் ஒன்றே ஒன்று செய்தால் போதும் என்றார். அவர் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போது நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவரை என்ன கேட்டாலும் முந்திக்கொண்டு நான் பதில் சொல்வதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீங்க அவருக்கு ஒத்தாசை பண்ணல, அவர் நாற்காலியில நீங்க உக்காந்துக்கிட்டீங்க" என்றார். அதையும் நான் கடையில் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தேன்.

4. பயிற்சி பலித்தது. ஷட்டர் சத்தம் கேட்டால் அவர் இப்போது மேஜைக்கு அடியில் போகவில்லை. கையை ஊன்றிக்கொண்டு, நெற்றியெல்லாம் வியர்க்க, பெட்டி, சட்டை, தண்ணி, ஜன்னல் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் "மச்சான்" என்று என்னைச் சொல்லி முடிப்பார். அதற்குப் பிறகு மடிப்பு வேலையைத் தொடர்வார்.

5. இந்த நேரத்தில் ஒரு சரக்குக் கிடங்கின் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவல் வேலைக்கு முன்னாள் படைவீரர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. தேறிவிட்டார் என்று தங்கள் மையம் சான்று தந்தால் வேலை உறுதி. தையல் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் என் தங்கையின் கால்களைப் பார்த்தேன். மாப்பிள்ளை மறுபடி சீருடை போட்டால் தெருவும் வாயை மூடும் என்று நினைத்தேன். மையம் வைத்த நினைவுச் சோதனைகளில் முதல் சோதனையிலும் இடைச் சோதனையிலும் நான் அறையில் கூடவே உட்கார்ந்திருந்தவன். கேள்விகள் மாறவில்லை என்பதைக் கண்டுகொண்டேன். ஐந்து வார்த்தை சொல்லி, சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். குடை, வாளி, கண்ணாடி, ஆடு, மஞ்சள். இதை வைத்து நான் ஒரு கதை கட்டினேன்: "மஞ்சக் குடை புடிச்ச ஆடு கண்ணாடி பாத்துக்கிட்டே வாளிக்குள்ள விழுந்துச்சு." துணி மடிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லவைத்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கும் கேள்வியை வாய்ப்பாடு போல உருப்போட வைத்தேன். இது சரியா மச்சான் என்று அவர் ஒருமுறை கேட்டார். பரீட்சைக்குப் படிப்பது தப்பென்றால் ஊரில் ஒருவனும் பாஸாக மாட்டான் என்று சொல்லிச் சிரித்துவிட்டேன்.

6. கடைசிச் சோதனை நாளில் பயிற்சி அம்மா விடுப்பு. வேறொருவர் கேள்வி கேட்டார். அவர் மேல் குற்றமில்லை. மாப்பிள்ளை ஒரே மூச்சில் ஐந்தையும் ஒப்பித்தாராம். ஆடு என்று சொல்லும்போது சிரித்தாராம். சிரிப்பும் நல்ல அறிகுறிதான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சான்று கைக்கு வந்தது. அதில் என்னைக் குத்துவது ஒன்று உண்டு ஐயா. அவர் அதை நம்பினார். என் கதையால் பாஸானதாக அவர் நினைக்கவில்லை, தன் தலை சரியாகிவிட்டது என்று நினைத்தார். தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். ட்யூப்லைட் என்று கூப்பிட்டவர்களுக்கு இரண்டிரண்டாகக் கொடுத்தார். எனக்குக் கொடுத்ததை நான் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

7. வகுப்பில் அவர் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. வகுப்பு நின்றதும் பழக்கம் தளர்ந்தது. போன வாரம் பக்கத்துக் கடை ஷட்டர் விழுந்தது. மேஜையில் கையை ஊன்றினார். பெட்டி என்றார். சட்டை என்றார். அதற்கு மேல் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தார். எதிரில் இருப்பது யார் என்று தேடிய பார்வை அது. நான் வாயைத் திறப்பதற்குள் மேஜைக்கு அடியில் போய்விட்டார். ஐயா, அடுத்த மாதம் இந்தக் கையில்தான் துப்பாக்கி கொடுக்கப் போகிறார்கள். கிடங்கு வாசலில் சரக்கு வண்டிகள் வரும், டயர் வெடிக்கும், கதவு அறையும். ஷட்டர் விழுந்த அன்று நான் பட்டனைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

8. அங்கேயே உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். கேள்விகள் எனக்கு முன்பே தெரியும், ஆட்டை நான் கட்டியது அதற்காகத்தான், சான்று அவர் தலைக்குக் கிடைத்ததல்ல, என் வாய்க்குக் கிடைத்தது என்று சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்படிப்பட்ட இடைவெளியில் நான் புகுந்து ஏதாவது சொல்லிவிடுவது வழக்கம். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். மேலே இஸ்திரிப் பெட்டி சூடேறி அதன் விளக்கு அணைந்தது, ஆறி மறுபடி எரிந்தது. "அப்ப நான் தேறல" என்றார். நான் தலையை மட்டும் அசைத்தேன். என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். அவர் சொன்னது இதுதான்: "அந்த ஆட்ட வாளியிலேர்ந்து தூக்கி வெளிய விட்டுடு மச்சான். நான் மொதல்லேர்ந்து வரேன்."

9. செவ்வாய்க்கிழமை அலாரத்தை அவர் இன்னும் எடுக்கவில்லை. அலாரம் அடித்தால் முகம் மழித்து, நான் தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மையத்துக்கு வந்துவிடுகிறார். பட்டியலில் பேர் இல்லாதவரை உள்ளே விட முடியாது என்று வாயிற்காவலர் சொல்வது சரிதான். வெளியில் இருக்கும் பெஞ்சில் வகுப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புகிறார். எதற்கு வெயிலில் போய் உட்கார வேண்டும் என்று தங்கை கேட்டதற்கு, ஃபோன் போகச் சொல்கிறது, அது சொன்னால் கேட்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள் என்றாராம்.

ஆகவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து அந்தச் சான்றைத் திரும்பப் பெற்று, கிடங்குக்காரர்களுக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும். வேலை போவது பற்றித் தங்கையிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு பேசுவதில்லை, ஆனால் இந்த மனுவுக்கு வெள்ளைத் தாள் வாங்கித் தந்தது அவள்தான். மாப்பிள்ளையை நான் கேட்டறியாத வார்த்தைகளைக் கொண்டு மறுபடி சோதிக்க வேண்டும். அப்போது என்னை அறைக்குள் மட்டுமல்ல, வாசல் பக்கமே விடக் கூடாது. வகுப்பில் இடம் இல்லையென்றால், இடம் காலியாகும்வரை சுவர் ஓரமாகவாவது அவரை உட்காரவைக்க வேண்டும். என் மேல் தாங்கள் எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் வாய் பேசாமல் ஏற்றுக்கொள்கிறேன். அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பதைத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். சோதிப்பவர் கேள்வியைக் கேட்டதும் இவர் ஜன்னலைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், பதிலே தெரியாதவர் போலத் தோன்றும். அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டாம். கொஞ்சம் பொறுத்தால் சொல்வார்.

நாள்: செவ்வாய்க்கிழமை, வகுப்பு நேரம்.
இடம்: மையத்தின் வாசலுக்கு வெளியே உள்ள பெஞ்சு. அவரும் பக்கத்தில் இருக்கிறார்.

தலைகுனிந்து கையொப்பமிடுவது,
இஸ்திரிக் கடைக்காரர்
(அவருடைய மச்சான்)