வெண்டாட் வீட்டில் எனக்கொரு வேடம்

3 மே 1986, பீல், சுவிஸ்
விட்மர் என்றொருவர் எங்கள் அகதி விடுதிக்கு வந்தார். வங்கியில் வேலை, சனி ஞாயிறு மட்டும் சிவப்பிந்தியர். ஏரிக்கரையில் அவருடைய சங்கம் மரப்பட்டையால் நீண்ட வீடொன்று கட்டியிருக்கிறதாம். கனடாவின் வெண்டாட் பழங்குடி மக்கள் முன்பு இப்படித்தான் பல குடும்பமாக ஒரே கூரையின்கீழ் இருந்தார்களாம். சோளம் இடித்துக் காட்ட ஒரு பெண் வேண்டும். என் நிறம் மிகப் பொருத்தமாம். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவள் நான்!

பக்கத்து அறைப் பரமேஸ்வரியக்கா, “போ பத்மினி. அகதி வழக்குக்கு நல்ல கடிதம் ஒண்டு தருவினம்” என்றார்.

போகத்தான் வேண்டும்.

10 மே
தோலுடை கடிக்கிறது. வெண்டாட்டில் வயலும் வீடும் பெண்களுடையவை, கலியாணம் கட்டியவன் மனைவி வீட்டுக்கு வந்துவிடுவான், தலைவனைத் தெரிவுசெய்வதும் பெண்களே — விட்மர் அரை மணி நேரம் விளக்கினார். அந்த அரை மணியும் அவர் மனைவி எல்லோருக்கும் கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றார்.

11 மே
இடித்தேன். பார்க்க வந்தவர்கள் படம் பிடித்தார்கள்.

17 மே
இன்று எலும்புகள். வயல் வளமிழந்து ஊர் இடம் மாறும்போது, வெண்டாட் மக்கள் இறந்தவர்களைத் தோண்டியெடுத்து, எலும்புகளைத் துடைத்து, தோலில் சுற்றிச் சுமந்துபோய் ஒரே குழியில் சேர்ப்பார்களாம். விட்மர் சாந்தில் செய்த மண்டையோட்டைத் தூக்கிக் காட்டினார். சனம் சிரித்தது. என் உலக்கை நின்றுவிட்டது. ஏன்? எனக்கென்ன வந்தது?

18 மே
கியூபெக்கிலிருந்து சாந்தால் என்றொரு பெண். அசல் வெண்டாட். மழைச்சட்டை, மூக்குக்கண்ணாடி. இறகு குத்திய விட்மரை ஏற இறங்கப் பார்த்தார். மண்டையோட்டை அவர் கையிலிருந்து வாங்கித் துணியால் மூடினார். நான் யாரென்று பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் கேட்டார். சொன்னேன்.

“உங்களுடைய இறந்தவர்கள் எங்கே?”

ஆமி கொண்டுபோனது, உடம்பைத் தரவில்லை என்றேன். பெயர் கேட்டார். கட்டினவரின் பெயரைச் சொல்லக்கூடாதென்று வளர்ந்த வாய். “சிவநேசன்.” — சீ, முகத்தில் பூசிய சிவப்பெல்லாம் வழிய, அத்தனை பேருக்கு முன்னால் அழுதிட்டனே!

அவர் இன்னோர் உலக்கையை எடுத்து என்னோடு மாறி மாறி இடித்தார். விட்மர் அதையும் படம் பிடித்தார், மடையன்.

19 மே
இனி வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். அக்கா திட்டினார்.

24 செப்டம்பர், பேர்ன்
விட்மரின் கடிதம் வரவில்லை. நானும் கேட்கவில்லை. அகதி வழக்கின் முதல் விசாரணையில் இரண்டு வரியோடு நிறுத்தியவள், இன்று அவரைத் தேடி ஆமி முகாம் வாசலில் நின்ற பதினொரு நாளையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இடையில் மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் கேட்டார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.