பழியைக் கறுப்புப் பயறு மேல் போட்டோம்

சினான்தேகா, நிகராகுவா
12 ஜனவரி 1997

என் கிழவனுக்கு,

முப்பத்தெட்டு வயதுக்காரனைக் கிழவன் என்றால் உனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால்தான் நீ உடனே பதில் போடுகிறாய், அதனால் அப்படியே கூப்பிடுகிறேன். நானும் பிள்ளையும் சுகம். நினோஸ்காவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "அப்பா வர்றதுக்குள்ள முளைச்சிடுமா?" என்று தினமும் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். கரும்பு வெட்டி முடிய ஏப்ரல் ஆகும், அதற்குள் முளைத்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

இடுப்பு வலி என்று எழுதியிருந்தாய். பஸ் கண்டக்டர் ப்ளாஸ் கையில் மூட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். மேலே ரொஸ்கியா பிஸ்கட், நாலு டஜன். அடியில் எழுபது சின்னக் காகிதப் பொட்டலம். ஒவ்வொன்றிலும் சிவப்பு மாத்திரை ஒன்று, வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று. சிவப்பு எலும்புக்கு, வெள்ளை தலைக்கு, மஞ்சள் இடுப்புக்கு. அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து, மூன்றையும் சேர்த்து மடித்துவிடுகிறேன். என் கடை ஜன்னலில் இப்போது சர்க்கரையைவிட இதுதான் ஓடுகிறது. "தமாரிஸ், உன் மூணு ஒண்ணு குடு" என்று கேட்டு வாங்குகிறார்கள். கரும்பு வெட்டுகிற ஆள் முழுக்க என் ஜன்னலில்தான்.

காலையில் காப்பியோடு ஒரு பொட்டலம் போடு. மத்தியானமும் வலித்தால் இன்னொன்று. அந்த ஊர்ச் சமையற்காரியைப் பார்த்துப் பல்லைக் காட்டாதே, கண்டக்டர் எல்லாம் வந்து சொல்லிவிடுவான்.

உன் கறுப்பி,
தமாரிஸ்


கரும்புத் தோட்ட முகாம், கோஸ்தா ரிக்கா
26 ஜனவரி 1997

என் கறுப்பிக்கு,

கிழவன் எழுதுகிறேன். சமையற்காரிக்கு அறுபது வயது, மீசையும் இருக்கிறது, நீ நிம்மதியாகத் தூங்கு.

உன் பொட்டலம் தங்கம். விடியற்காலை நாலு மணிக்கு வெறும் காப்பியோடு ஒன்றைப் போட்டால் பத்து மணிவரை இடுப்பு இருக்கிற இடமே தெரியவில்லை. மத்தியானம் இன்னொன்று. பக்கத்துக் கட்டில் லெஞ்சோ, அதுதான் ரயில்பாதைத் தெரு தொமாசாவின் புருஷன், அவனுக்கும் ரெண்டு கொடுத்தேன். "உம் பொண்டாட்டி டாக்டருக்கே படிச்சிருக்கலாம்டா" என்கிறான்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. தண்ணீர் வண்டி ஒரு தடவைதான் வருகிறது. சிறுநீர் புளித்தண்ணீர் நிறத்தில் கொஞ்சமாய்ப் போகிறது. வயிற்றில் ஓர் எரிச்சல் வேறு. சாப்பாடுதான் காரணம். நம் ஊரில் சிவப்புப் பயறு, இங்கே மூன்று வேளையும் கறுப்புப் பயறு. கறுப்பாய் உள்ளே போகிறது, கறுப்பாய் வெளியே வருகிறது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஒரு வாரமாய்த் தார் மாதிரி ஒட்டுகிறது, நாற்றம் தாங்கவில்லை. கக்கூஸ் வரிசையில் லெஞ்சோ என்னைக் கடைசியாகத்தான் போகச் சொல்கிறான். ஊருக்கு வந்ததும் ஒரு பானை சிவப்புப் பயறு வேகவைத்துக் கொடு, எல்லாம் சரியாகிவிடும்.

அடுத்த மூட்டையில் பொட்டலம் நூறாக அனுப்பு.

உன் எராஸ்மோ


சினான்தேகா
3 பிப்ரவரி 1997

எராஸ்மோ,

இதை வாசிக்கிற நிமிடத்திலிருந்து அந்த மாத்திரையைத் தொடாதே. முதலில் இதைக் கேள், காரணத்தைப் பிறகு படி. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

சுகாதார நிலையத்து நர்ஸ் மார்லின் இன்று சர்க்கரை வாங்க வந்தாள். ஜன்னலில் அடுக்கியிருந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

"இது என்னடி?"

"என் மூணு. வலிக்கு."

"வலிக்குத்தான். மூணும் ஒரே குடும்பம்டி. ஒருத்தன் இந்த மூணுல ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் போடணும். அதுவும் சாப்பிட்ட வயித்துல, நெறைய தண்ணி குடிச்சு, ரெண்டு மூணு நாளைக்கு. அதுக்கு மேலயும் வலிச்சா டாக்டரப் பாக்கணும். வெயில்ல வேர்த்து ஊத்தறவன் தண்ணியில்லாம இதப் போட்டா கிட்னி என்னாகறது? யாருக்கெல்லாம் குடுத்த?"

"எம்புருஷனுக்கு எழுவது அனுப்பினேன்" என்றேன். வயிறு எப்படி இருக்கிறது, வெளிக்கு எந்த நிறத்தில் போகிறது என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"பயறு தின்னா தாரு மாதிரி ஒட்டாதுடி. அது ரத்தம். உள்ளுக்குள்ள ஒழுகுது."

எராஸ்மோ, நான் எழுத்தாய் எழுதிக் கொடுத்தேனே, காலையில் காப்பியோடு போடு என்று. நான்தானே எழுதினேன். எனக்குப் பயமாக இருக்கிறது. வயிறு காலியாக வைக்காதே, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடி, இன்றைக்கே போய் டாக்டரைப் பார். கண்டக்டரிடம் உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

தமாரிஸ்


முகாம்
6 பிப்ரவரி 1997

கறுப்பி,

கடிதமும் இல்லை, மூட்டையும் இல்லை. கண்டக்டர் இந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. மேஸ்திரி என்னை முதல் வரிசை வெட்டுக்காரர்களில் சேர்த்துவிட்டான், கூலி கூட, தெரியுமா? ஆனால் இரண்டு நாளாகக் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது. நேற்று வெட்டுக்கத்தி கையைவிட்டு நழுவிக் காலுக்கு ஒரு விரற்கடையில் விழுந்தது. லெஞ்சோ என் முகத்தைப் பார்த்து, "என்னடா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்க" என்கிறான். இரண்டு பொட்டலம் போதவில்லை, மூன்று போடுகிறேன். இன்னும் இருபதுக்கு மேல் இருக்காது. சீக்கிரம் அனுப்பு.

நினோஸ்காவின் பல்லுக்கு ஒரு முத்தம்.

எராஸ்மோ


சினான்தேகா
10 பிப்ரவரி 1997

எராஸ்மோ, என் உயிரே,

உன் ஆறாம் தேதிக் கடிதம் இன்று வந்தது. மூன்று பொட்டலம் என்று படித்ததும் கண்டக்டரிடம் ஓடினேன். என் கடிதத்தை வெள்ளிக்கிழமை உன் கையிலேயே கொடுத்ததாகச் சத்தியம் செய்கிறான். கொடுத்தானா? படித்தாயா? படித்துவிட்டு ஏன் ஒரு வரி போடவில்லை?

கடை மாத்திரை எல்லாவற்றையும் நர்ஸ் மார்லினிடம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன். தெருவே என்னைத் திட்டுகிறது. "நேத்து வரைக்கும் மருந்து, இன்னைக்கு வெஷமா?" என்று தொமாசா ஜன்னல் கட்டையைத் தட்டிக் கேட்டாள். விஷமில்லை, தொமாசா, கண்டபடி சேர்த்துக் கொடுத்தது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

பஸ் வருகிற நாளெல்லாம் நிலையத்தில் போய் நிற்கிறேன். என் மேல் கோபம் என்றால் கோபப்படு. ஊருக்கு வந்து அடி வேண்டுமானாலும் அடி. ஆனால் முதலில் அதை நிறுத்து, பிறகு கோபப்படு.

தமாரிஸ்


ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு
11 பிப்ரவரி 1997

தமாரிஸ்,

எழுதுவது லெஞ்சோவின் கை, சொல்வது நான். என் கையில் ஊசி இருக்கிறது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே கிடைத்தது. படித்தேன். நம்பவில்லை. கொடுத்தவளே நீதானே, யாரோ நர்ஸ் சொன்னாளென்று பயப்படுகிறாய் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். முதல் வரிசையை விட மனசில்லை. சனிக்கிழமையும் மூன்று போட்டேன், ஞாயிற்றுக்கிழமையும். திங்கள் காலை கரும்புக்கு நடுவில் வாந்தி வந்தது. காப்பித்தூளைக் கரைத்த மாதிரி இருந்தது. அதற்குமேல் நினைவில்லை. லெஞ்சோ தோளில் போட்டுக்கொண்டு வண்டிவரை ஓடிவந்தானாம். ரத்தம் ஒரு பாட்டில் அவனே கொடுத்தான். உன் கடிதத்தையும் அவன்தான் டாக்டருக்கு வாசித்துக் காட்டினான்.

வயிற்றில் புண், கிட்னியும் சரியாக வேலை செய்யவில்லை என்கிறார்கள். டாக்டர் என்ன மாத்திரை என்று கேட்டார். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்றேன். "நிறம் எனக்கு வேண்டாம், பெயர் வேண்டும்" என்றார். மீதிப் பொட்டலம் கட்டிலுக்கடியில் தகரப்பெட்டியில் இருக்கிறது, அதிலும் பெயர் இல்லை. எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடு என்று லெஞ்சோவிடம் சொல்லிவிட்டேன். பெயரை அனுப்பு.

எனக்குப் பயமாக இருக்கிறது, கறுப்பி. இதை அவனை வைத்துச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எராஸ்மோ


சினான்தேகா
13 பிப்ரவரி 1997

எராஸ்மோ,

பெயரைக் கத்தரித்துப் போட்டது நான். குப்பையையெல்லாம் கிளறினேன், ஒன்றும் இல்லை. மொத்தக் கடைக்கு ஓடிப்போய் அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கினேன். நர்ஸ் மார்லின் கூட இருந்து ஒவ்வொன்றாக எழுதச் சொன்னாள்.

சிவப்பு: இபுப்ரோஃபென். வெள்ளை: அதுவும் இபுப்ரோஃபென், கம்பெனிதான் வேறு. மஞ்சள்: டைக்ளோஃபெனாக்.

இதை டாக்டரிடம் கொடு. வலிக்கு இனி இவற்றில் எதையும் தொடக்கூடாது, அவர் கையால் கொடுப்பதை மட்டும்தான் போட வேண்டும் என்றாள் மார்லின். எலும்புக்கு ஒன்று, தலைக்கு ஒன்று என்று தெருவுக்கே பாடம் நடத்தினேனே, ஒரே மாத்திரையை இரண்டு நிறத்தில் கொடுத்திருக்கிறேன்.

என்னிடம் பாஸ்போர்ட் இல்லை, எல்லையில் விடமாட்டார்கள். கண்டக்டர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி இதை நேரே ஆஸ்பத்திரியில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். லெஞ்சோவுக்கு என் நன்றியைச் சொல். அவன் வீட்டுச் செலவுக்குத் தொமாசா இனி என் ஜன்னலில் எது கேட்டாலும் கொடுப்பேன். நீ இருக்கிறாய் என்று ஒரே ஒரு வரி போடு.

தமாரிஸ்


ஆஸ்பத்திரி
2 மார்ச் 1997

என் கறுப்பிக்கு,

இது என் கையெழுத்துதான், கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. புண் ஆறுகிறது. கிட்னி மெதுவாக வழிக்கு வருகிறது என்றார் டாக்டர். நீ எழுதிய பெயர்களைப் படித்துவிட்டு, "ஒரே மாத்திரையை ரெண்டு நிறத்தில் விற்றிருக்கிறாள். உன் பொண்டாட்டி பிழைக்கத் தெரிந்தவள்" என்றார். வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். இனிக் கரும்பு இல்லை. நினோஸ்காவின் பல் முளைக்குமுன் வந்துவிடுவேன்.

இனி எழுதுவதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள்.

லெஞ்சோ அந்தப் பெட்டியை எறியவில்லை. நான் விழுந்த பிறகு என் வரிசையையும் சேர்த்து அவனே வெட்டியிருக்கிறான், எனக்கு இடம் போய்விடக் கூடாது என்று. இரண்டு ஆள் வேலை, ஒரு ஆள் இடுப்பு; பெட்டியில் மிச்சமிருந்த பொட்டலத்தைப் போட்டுப் போட்டு வெட்டியிருக்கிறான். உன் கடிதத்தைத் தன் வாயால் டாக்டருக்கு வாசித்துக் காட்டியவன் அவன். "அதெல்லாம் உன்ன மாதிரி புண்ணு வயித்துக்காரனுக்குடா, எனக்கு இரும்பு வயிறு" என்றானாம் முகாமில். வயிறு தாங்கிவிட்டது, கிட்னி தாங்கவில்லை. இருபதாம் தேதி கொண்டுவந்து பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். கடைசி நான்கு நாளாகச் சிறுநீரே வரவில்லை. நேற்று மத்தியானம் போய்விட்டான். கடைசிவரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தொமாசாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கண்டக்டர் வாயால் அவள் இதைக் கேட்கக்கூடாது. லெஞ்சோவின் உடலோடு நான் வருவதற்கு முன்னால் நீ போ, மார்லினையும் கூட்டிக்கொள். பொட்டலம் யார் மடித்தது, யார் அனுப்பியது, யார் கொடுத்தது எல்லாவற்றையும் சொல்லிவிடு. என் பெயரை முதலில் சொல்.

ஜன்னல் வழியாகச் சொல்லாதே. வீட்டுக்குள் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்.

உன் எராஸ்மோ