பேன்ட் பையில் கிடைத்த இரண்டு மணி நேரம்

மார்ச் 3
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஹோட்டல் சலவைக்கூடத்தில் எல்லாரிடமும், "நான் ரெண்டு தடவ பிளேன்ல போயிருக்கேன்" என்று அளந்து வைத்திருக்கிறேன். வயது நாற்பத்தொன்பது, மொட்டை மாடிக்கு மேல் போனதில்லை. மேகத்துக்குக் கை காட்டியதாகக்கூடச் சொல்லியாயிற்று. அக்கா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவள் ஊருக்குப் பிளேன் எத்தனை மணி நேரம் என்று இனி யாரிடம் கேட்பது? கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மார்ச் 4
விடை தானாக வந்தது. துவைக்குமுன் பைகளைத் துழாவுவது என் வேலை. ஒரு விருந்தாளியின் பேன்ட்டில் டிக்கெட் காகிதம் — இங்கிருந்து அக்கா ஊருக்கே! புறப்பாடு பத்து, சேர்வது பன்னிரண்டு.
அக்காவுக்குப் போன் போட்டேன். "ரெண்டு மணி நேரந்தான்க்கா. நீ இருமி முடிக்கிறதுக்குள்ள வந்து நிப்பேன்."
"புளுகுமூட்டை, வந்துட்டுப் பேசு."

மார்ச் 9
அக்கா மகள் பேசினாள். "ஒரு நடை வந்து பாத்துட்டுப் போயேன் சித்தி." ஹோட்டலில் மாநாடு, ஐந்நூறு மேசைவிரிப்பு. முடியட்டும். கூப்பிடு தூரந்தானே.

மார்ச் 12
விடியும்போதே போன். "மூச்சு ரொம்ப வாங்குது சித்தி. இப்பவே கிளம்பு." அதே பத்து மணி பிளேன். அக்கா படுத்ததுமே எடுத்து வைத்த பாஸ்போர்ட்டும் விசாவும் கையில். ஏறி உட்கார்ந்து அக்கா மகளிடம் போனில் சொன்னேன்: "ரெண்டே மணி நேரம். அவள இழுத்துப் பிடிச்சு வை."
"ரெண்டா?" என்றாள். "சரி சித்தி."

பன்னிரண்டு ஆகிவிட்டது. எதிரே குட்டித் திரையில் இன்னும் 2,500 கிலோமீட்டர் என்று ஓடுகிறது. பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டேன்: "ஏண்ணே, டிரைவர் வழி தவறிட்டாரா?"
"அஞ்சரை மணி நேரம்மா. அங்க கடிகாரம் மூணரை மணி பின்னால ஓடும். அதான் டிக்கெட்ல பன்னெண்டு."
அவர் சொன்னபடி என் கடிகாரத்தைத் திருகினேன். எட்டரை. வேறு என்ன செய்வது?

மார்ச் 13
அடக்கம் முடிந்தது.

மார்ச் 15
"நீ சொன்னப்பவே தப்புன்னு தெரியும் சித்தி. அஞ்சரைன்னு அம்மாகிட்ட சொல்ல மனசு வரல. ரெண்டுன்னே சொன்னேன். கதவையே பாத்துட்டிருந்தாங்க. 'புளுகுமூட்டை வந்துட்டாளா'ன்னு ரெண்டு வாட்டி கேட்டாங்க. ஒம்பது மணிக்குப் போயிட்டாங்க."
ஒன்பது. நான் அப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.
அழுகை வரவில்லை. அக்காவின் போர்வை கோணலாக மடித்துக் கிடந்தது. பிரித்து, மூலையோடு மூலை வைத்து மடித்தேன். நன்றாக வந்தது.

மார்ச் 20
ஏழு மணி வேலைக்கு ஏழுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். மேற்பார்வையாளர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். பத்தரை. என் கையில் இன்னும் அக்கா ஊர் மணி.
"மொதத் தடவ பிளேன்ல போனா இப்படித்தாம்மா ஆகும்" என்றார்.
"மூணாவது" என்றேன்.
பத்தரைக்கு வந்தால் தலையணையுறைதான் மிச்சமிருக்கும். இஸ்திரி போட்டேன். இருநூற்றுப் பத்து.